மாலையில் அரைமணி நேரம் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்: யாங்கோன் கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோன் தமிழ்க் கோயில்களின் தலைவர்கள், செயலாளர்கள், அறங்காவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஞாயிறு காலையில் கோயில் கொட்டகையில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான். பதினாறு வருஷமாக இந்த வேலை. இதுவரை உங்களிடம் கேட்டதெல்லாம் சாக்பீஸ், கரும்பலகை, மழைக்காலத்தில் ஒழுகாத கூரை, இவ்வளவுதான். இப்போது கேட்கப்போவது வேறு மாதிரி: பெரியவர்கள் மூச்சைக் கவனித்துத் தியானத்தில் உட்கார, மாலையில் அரைமணி நேரம் மண்டபம். ஒருவர் காதில் போட்டு அவர் மறந்துவிடக் கூடாது என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் 12.50. யாங்கோனில் நமக்குத் தலைசுற்றல் மாதிரி வந்து போனது. மண்டலையில் இருக்கும் என் தங்கை குடும்பத்துக்கு அப்படிப் போகவில்லை. 7.7 அளவு நிலநடுக்கம். வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. ஒரு மாதம் தெருவோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக் கிடந்தார்கள். மே மாதம் தன் மகனை என்னிடம் அனுப்பிவைத்தாள். ஒன்பது வயது. பகலெல்லாம் ஓடி ஆடுவான். இரவானால் கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் ஆடினால் ஓட வேண்டுமாம். இரண்டு மணி, மூன்று மணி வரைக்கும் அந்தக் கண் டம்ளரை விட்டு நகராது. தெருவில் ஒரு லாரி போனால் போதும், தண்ணீர் லேசாக நெளியும், பிள்ளை வாசற்படியில் நிற்பான்.

திருநீறு போட்டோம். டாக்டரிடம் காட்டினோம். பயம் தெளிய நாளாகும், தூங்கும் நேரத்தை மாற்றாதீர்கள் என்றார். அப்படியே செய்தோம். அதோடு நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். விளக்கை அணைத்ததும் அவன் கையை எடுத்து அவன் வயிற்றின் மேலேயே வைத்தேன். "டம்ளர் அங்கேயே இருக்கட்டும். இது ஏறுதா, இறங்குதா, அதை மட்டும் எனக்குச் சொல்லு" என்றேன். "ஏறுது பெரியம்மா... இறங்குது... ஏறுது..." பத்து எண்ணுவதற்குள் கண் மறுபடி டம்ளருக்குப் போய்விடும். திட்டவில்லை. "பார்த்துட்டியா, சரி, திரும்பி வா" என்பேன். மறுபடியும் ஏறுது, இறங்குது. மூன்று வாரம் போல இப்படியே. ஒரு நாள் "இறங்..." என்று பாதிச் சொல்லிலேயே தூங்கிப்போனான். டம்ளரை எடுத்துவிடு என்று நான் சொல்லவே இல்லை. ஆடி மாத வாக்கில் ஒரு ராத்திரி, தாகம் என்று அவனே அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

காலம் ஆற்றியதா, டாக்டர் சொன்ன ஒழுங்கு ஆற்றியதா, மூச்சு ஆற்றியதா? ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த "ஏறுது, இறங்குது" எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அது இந்த ஊர்ச் சரக்கு. யாங்கோன் ரங்கூனாக இருந்தபோது, 1949இல் இங்கே வந்து சாசன யெய்த்தா என்ற தியான நிலையத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புத்தத் துறவி மஹாசி சயாடோவின் முறை. மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனி, மனம் வேறெங்காவது போனால் போனதைக் குறித்துக்கொள், திரும்பி வா. அவ்வளவுதான் முதல் பாடம். இன்னொரு வழியும் இங்கே இருந்தது. லெடி சயாடோ என்ற இன்னொரு துறவி, துறவிகளிடம் மட்டும் இருந்த பயிற்சியை வீட்டுக்காரர்களுக்கும் திறந்துவிட்டார். அவரிடம் கற்ற விவசாயி சயா தெட்ஜி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டலாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தவர். அவரிடம் 1937இல் போய்க் கற்றுக்கொண்டவர் ஊ பா கின் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காளர் அவர்தான். தன் அலுவலகத்திலேயே ஓர் அறையை ஒதுக்கி, குமாஸ்தாக்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார். கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே நடந்தது அது. நம் மண்டபத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறை ஞாபகம் வரும்.

மண்டலையில் 1924இல் பிறந்த கோயங்கா இந்திய வம்சாவளி வியாபாரி, மார்வாடிக் குடும்பம். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. பல நாட்டு டாக்டர்களைப் பார்த்தும் தீரவில்லை. 1955இல் ஊ பா கின்னிடம் வந்தார். தலைவலிக்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம், இது அதைவிடப் பெரிய காரியம் என்று ஊ பா கின் சொன்னாராம். அப்படியும் உட்கார்ந்தார், பதினான்கு வருஷம் கூடவே இருந்து கற்றார், 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அவரிடம் உட்கார்ந்த அமெரிக்க இளைஞர்கள் ஊருக்குத் திரும்பி நிலையங்கள் ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு நிலையத்தில் உட்கார்ந்த ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றில், நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது எட்டு வாரப் பயிற்சியாக நிலைத்தது. சாமி பேர் இல்லை, சடங்கு இல்லை, மூச்சும் உடம்பும் கவனமும் மட்டும். இன்று உலகத்து ஆஸ்பத்திரிகளில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று நடப்பதில் பெரும்பகுதி அந்த எட்டு வாரத்திலிருந்து கிளைத்தது. அதன் வேரில் பாதி நம் ரங்கூன் மண்ணில் இருக்கிறது.

நாமோ நாலு தலைமுறையாகப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். பர்மியப் பக்கத்து வீட்டு அம்மா விடுமுறைக்கு "தயா தைன்", அதாவது தியானத்தில் உட்கார, போகிறேன் என்று படுக்கையைக் கட்டிக்கொண்டு யெய்த்தாவுக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தோம். யெய்த்தா என்றால் இதமான நிழல் என்று பொருள். அந்த நிழலுக்கு நாம் போகவில்லை, நம் பிள்ளைகளையும் அனுப்பவில்லை.

நான் போனது 2012இல், அப்பா இறந்த பிறகு. பத்து நாள், பேச்சு கிடையாது, விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு உரசுவதை மட்டும் கவனிக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அப்பாவோடு சண்டை போட்டேன், மனசுக்குள். நாலாம் நாள் உடம்பைத் தலையிலிருந்து கால் வரை கவனிக்கச் சொன்னார்கள். முழங்காலில் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி வலி. அசையக்கூடாது என்று ஒரு மணி நேரம். அந்த வலியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது ஒரே கட்டியாக இல்லை என்று தெரிந்தது. இங்கே சுருக்கென்று குத்துகிறது, அங்கே சூடு, நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு இடம், அப்புறம் மறுபடி குத்தல். வலி இருந்தது. "ஐயோ, தாங்க முடியாது" என்ற கூச்சல்தான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. அப்பா விஷயத்திலும் பிறகு அதேதான் நடந்தது. துக்கம் வரும், தொண்டையில் அடைக்கும், போகும். துக்கம் வருகிறது என்பதற்காக அதற்கு மேல் இன்னொரு துக்கம் படுவது நின்றது.

திரும்பி வந்த வேகத்தில் ஒரு கோயிலில் போய்க் கேட்டேன். எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன், அந்தப் பெரியவர் இப்போது இல்லை. மாலையில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, பெண்கள் அரைமணி உட்காரட்டுமா என்றேன். "அம்மா, அது புத்த மதம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விட்டால் கோயிலுக்கு யார் வருவது?" என்றார். அவருடைய பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களையும், 1964இல் கடை, சொத்து எல்லாம் விட்டுக் கப்பலேறியவர்களையும் கண்ணால் பார்த்த தலைமுறை அது. மிச்சமிருப்பது பேரும் பாஷையும் கோயிலும்தான் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததால்தான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அ, ஆ நடக்கிறது.

ஆனாலும் மூச்சு யார் சொத்து? திருமூலர் மூச்சை எப்படி இழுப்பது, எவ்வளவு நிறுத்துவது என்று கணக்குப் போட்டே பாடிவைத்திருக்கிறார். "சும்மா இரு" என்பது நம் பெரியவர்கள் கொடுத்த உபதேசம். அது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2001இல் இத்தாலியில் ஓர் ஆய்வு நடந்தது. 23 பேரை உட்கார வைத்து, ஒரு முறை லத்தீனில் மாதா ஜெபமாலையும் இன்னொரு முறை ஒரு யோக மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஆறு தடவை என்ற அளவுக்கு இறங்கியது. அந்த வேகத்தில் மூச்சும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்து போகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும் வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு வெளிமூச்சின்போது அதன் கடிவாளத்தைப் பிடிக்கிறது. மாதா பெயரா, மந்திரமா என்று அந்த நரம்பு கேட்பதில்லை. நம் பாட்டிகள் தேவாரத்தை இழுத்து இழுத்துப் பாடிவிட்டு "மனசு லேசா இருக்கு" என்று சொன்னபோதும் இதில் கொஞ்சம் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, விஞ்ஞானம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? படித்தவரை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இதில் பொய் கலந்தால் ஆறு மாதத்தில் மண்டபம் காலியாகிவிடும்.

2010இல் ஹார்வர்டில் இரண்டு பேர் 2,250 பேரிடம், செல்போன் வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில், "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரத்தில் ஜனங்கள் சந்தோஷமாகவும் இல்லை. நல்ல விஷயத்தை நினைத்து அலைந்தபோதுகூட, கையில் இருந்த வேலையில் மனம் இருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை. சும்மா இருக்கும்போது மூளையில் "நான், எனக்கு, நேற்று, நாளை" என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வலைப்பின்னல் உண்டு. பழகிய தியானிகளிடம் அந்த ஓட்டம் தணிந்திருப்பதை 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் படம்பிடித்துக் காட்டினார்கள்.

2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அதுவரை ஒழுங்காக நடந்த 47 சோதனைகளை, 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு குறைவு தெரிந்தது. பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் இருந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ இது மிஞ்சுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2015இல் இங்கிலாந்தில், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த 424 பேரில் ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சியைத் தந்து மருந்தைக் குறைத்தார்கள், மறு பாதிக்கு மருந்தையே தொடர்ந்தார்கள். இரண்டு வருஷத்தில் நோய் திரும்பியது முதல் கூட்டத்தில் 44 சதவீதம், இரண்டாவதில் 47. கிட்டத்தட்டச் சமம். 2022இல் அமெரிக்காவில் பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் எட்டு வாரப் பயிற்சியையும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்டபோதும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

மூளை பருத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறுகிறது என்று முதலில் சில சிறிய ஆய்வுகள் சொன்னது உண்மைதான். பிறகு 2022இல் 200 பேருக்கு மேல் வைத்துக் கவனமாகப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. பார்த்தது யார் தெரியுமா? திபெத்தியத் துறவிகளின் மூளையை 2004இல் ஆராய்ந்து இந்தத் துறைக்கே பெயர் வாங்கிக்கொடுத்த ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வுக்கூடம்தான். தனக்கு வசதியில்லாத முடிவையும் வெளியிட்டார்கள். அந்த நேர்மைதான் எனக்கு இந்த விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை தருகிறது.

இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக இதை வைத்தால் என்ன என்று இங்கிலாந்தில் 8,000 பிள்ளைகளுக்கு மேல் வைத்துச் சோதித்து 2022இல் முடிவு சொன்னார்கள். வழக்கமான பாடத்தைவிடப் பிள்ளைகளுக்கு நன்மை கூடவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. ஆசிரியர்களின் களைப்புத்தான் கொஞ்சம் குறைந்தது. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நான் கேட்க நினைத்திருந்ததே பிள்ளைகளுக்கான வகுப்புத்தான். இப்போது அதைக் கேட்கவில்லை. பெரியவர்களுக்குக் கேட்கிறேன். என் தங்கை மகனுக்கு உதவியது "ஏறுது, இறங்குது" என்ற சொல் மட்டும் இல்லை. இருட்டில் பக்கத்தில் படுத்திருந்த ஆள் பதறாமல் இருந்ததும் சேர்ந்துதான். பன்னிரண்டு வருஷம் உட்காராமல் இருந்திருந்தால் நானும் அவனோடு சேர்ந்து டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஆபத்தும் உண்டு, மறைக்கக் கூடாது. 2020இல் 83 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் தியானம் செய்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் போல ஏதோ ஒரு தொந்தரவைச் சொல்லியிருந்தார்கள். பதற்றம் கூடுவது, மனம் சோர்வது, பழைய பயங்கரங்கள் மேலே வருவது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "இனி தியானமே போதும்" என்று தானாகவே மாத்திரையை நிறுத்தினாள். இரண்டே மாதத்தில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவளை உட்காரச் சொல்லி உற்சாகப்படுத்தியவள் நான். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பத்து நாள் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது ஏன் மன நோய், மருந்து பற்றியெல்லாம் அவ்வளவு கேள்வி கேட்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே நான் கேட்பது சின்ன அளவில்தான். சாயரட்சை முடிந்ததும் அரைமணி நேரம் மண்டபம். எட்டு வாரம் மட்டும். பாய் நாங்கள் கொண்டுவருகிறோம், பெருக்கிவிட்டுப் போகிறோம். கட்டணம், உண்டியல், பேனர் எதுவும் வேண்டாம். வருஷக்கணக்கில் உட்கார்ந்து பழகிய ஒருவர் முன்னால் இருப்பார். நம்மில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. முதல் வாரம் அம்மாக்கள், கோயில் தொண்டர்கள், ஞாயிறு ஆசிரியர்கள். விருப்பப்பட்டால் நீங்களும். கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று இல்லை. மூடினால் பயம் வருபவர்கள் திறந்தபடி இருக்கட்டும், பிராகாரத்தில் மெதுவாக நடந்துகொண்டு பாதம் தரையில் படுவதைக் கவனிக்கட்டும். பிராகாரம் சுற்றுவது நமக்குப் புதிதா என்ன? வரும் ஒவ்வொருவரிடமும் மாத்திரை உண்டா என்று தனியாகக் கேட்போம். உண்டு என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்போம். ஒரு டாக்டரின் நம்பரைச் சுவரில் எழுதிவைப்போம். தொடக்கத்தில் ஒரு தேவாரம், முடிவில் தீபாராதனை, அது உங்கள் முடிவு. எட்டு வாரம் கழித்துப் பயனில்லை என்று தோன்றினால் மண்டபச் சாவியை நானே கொண்டுவந்து தருகிறேன்.

அனவ்ரதா சாலைக் காளியம்மன் கோயிலை நம்மவர்கள் கட்டியது 1871இல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, மனசு தாங்காதபோது நம் சனம் ஓடிவருவது கோயிலுக்குத்தான், மனநல ஆஸ்பத்திரிக்கு இல்லை. இந்த நாலைந்து வருஷமாக யாங்கோனில் யாருக்கு மனசு தாங்குகிறது? விலைவாசி, வெளிநாடு போன பிள்ளை, கரண்ட் இல்லாத ராத்திரி. இதை எதையும் மூச்சு மாற்றாது. மாற்றும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மறுநாள் காலையில் எழுந்து அடுப்பு பற்றவைக்க ஒரு தெம்பு வேண்டுமே, அதற்காகக் கேட்கிறேன்.

இப்போதைக்கு என் வீட்டுக் கூடத்தில் செவ்வாய், வெள்ளி மாலையில் ஒன்பது பேர் உட்காருகிறோம். போன வெள்ளி நடுவில் கரண்ட் போய்விட்டது. யாரும் அசையவில்லை. இருபது நிமிஷம் கழித்துத் தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டதாம். விசிறி சுற்றத் தொடங்கியது. அப்போதும் ஒன்பது பேரும் அப்படியே இருந்தார்கள், மணி அடிக்கும் வரை. பத்தாவது ஆள் வந்தால் வாசலில்தான் பாய் போட வேண்டும், மழைக்காலமோ நெருங்குகிறது. வருகிற மாதக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கூப்பிட்டால் வந்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை,
யாங்கோன்